குறி சுடாத வாக்கியங்கள்

விளங்காத அலுவலக எழுத்தைக் கேலி செய்கிற கொபிள்டிகூக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சொல்லே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறை. அலுவலகக் கடிதங்களை எளிமையாக எழுதுவது எப்படி என்பது தலைப்பு. மூன்று மொழிக்காரரும் இருந்தோம். வகுப்பு வழக்கம்போல ஆங்கிலத்தில் நடந்தது. வளவாளர் திரையில் அந்தச் சொல்லைப் போட்டு, உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். பக்கத்து மேசையில் ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். எங்கள் மேசைக்காரர், "தமிழில அப்பிடி ஒண்டும் இல்லை" என்று முடித்துவிட்டுச் சிற்றுண்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அது செமிக்கவில்லை. சிங்களம் மட்டும் அரசகரும மொழியான 1956இலிருந்து அரசாங்கக் கடிதங்களோடு மல்லுக்கட்டுகிற சனம் நாங்கள். விளங்காத எழுத்தைத் திட்டுவதற்கு எங்களிடம் ஒரு சொல் இல்லாமலா போகும்?

இந்த ஊரில் தமிழ்ப் பிழை என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது பெயர்ப்பலகைகள்தான். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான இருக்கைக்கு மேலே 'நாய்மார்' என்று அச்சடித்து ஒட்டிய கதை தெரியாதவர் இல்லை. அது வேறு விடயம். ஓர் எழுத்துப் பிழைத்தது, மானம் போனது, ஆனாலும் சொல்ல வந்தது என்னவென்று எல்லாருக்கும் விளங்கியது. நான் சொல்வது எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத, இலக்கணம் சுத்தமான, மூன்று முறை வாசித்தாலும் கையில் ஒன்றும் மிஞ்சாத எழுத்தைப் பற்றி.

வான்கோழி

அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தகப்பன் பெயர் தெரியும். சொற்களுக்கு அது அபூர்வம். மோரி மாவெரிக் என்ற டெக்சாஸ்காரர். அமெரிக்கக் காங்கிரசில் இருந்தவர், சான் அன்டோனியோ நகரத்தின் மேயராகவும் இருந்தவர். 1944இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, சிறிய தொழிற்சாலைகளுக்குப் போர்க்கால வேலை பெற்றுக்கொடுக்கிற ஓர் அரச நிறுவனத்துக்குத் தலைவர். மேசைக்கு வருகிற அறிக்கைகளின் நீளமும் சொற்களும் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த மார்ச் மாதம் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்: சுருக்கமாக எழுதுங்கள், என்ன சொல்ல வருகிறீர்களோ அதைச் சொல்லுங்கள், இந்தக் கொபிள்டிகூக் மொழியை விடுங்கள். அமுலாக்கம், செயற்படுத்தல் என்ற பொருளில் அலுவலகங்களில் ஓடுகிற இரண்டு சொற்களைக் குறிப்பிட்டு, இவற்றைப் பாவிக்கிறவர் சுடப்படுவார் என்றும் எழுதினார். போர்க்காலத்துப் பகிடி. சொல் பத்திரிகைகளுக்குப் போய் ஊரெல்லாம் பரவிவிட்டது. இரண்டு மாதத்துக்குள் நியூயோர்க் டைம்ஸ் இதழில் அவரே விளக்கமும் எழுதினார்: எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, டெக்சாஸ் வான்கோழியை நினைத்திருக்கலாம், அது கொபிள் கொபிள் என்று கத்திக்கொண்டு பெரிய மனிதத் தோரணையில் நடக்கும், கத்தி முடிக்கிறபோது 'கூக்' என்று ஒரு சத்தம் வரும்.

தமிழ் படித்த யாருக்கும் இந்த இடத்தில் மூதுரை வராமல் இருக்காது. கானமயிலாடக் கண்டிருந்த வான்கோழி தானும் அதுவாகப் பாவித்து, தன் பொல்லாச் சிறகை விரித்து ஆடினது போலத்தான் கல்லாதான் கற்ற கவி என்கிறார் ஔவையார். மாவெரிக் பறவையின் சத்தத்தைப் பிடித்தார், ஔவையார் அதன் ஆட்டத்தைப் பிடித்தார். (இரண்டும் ஒரே பறவை என்று நினைத்துவிட வேண்டாம். இன்று நாங்கள் வான்கோழி என்று சொல்வது அமெரிக்கப் பறவை. கொலம்பசுக்குப் பிறகுதான் அது கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தது. மூதுரை அதற்கு முந்தியது என்றால் ஔவையார் பார்த்தது வேறொன்று.) பந்தா காட்டுகிற எழுத்துக்கு இந்த இரண்டு பறவைகளும் நன்றாகவே பொருந்தும். கருத்தரங்குக் கட்டுரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டமைப்புவாதம், கதையாடல், விளிம்புநிலை என்று பத்துச் சொல்லை அடுக்கி ஒரு பந்தியை நிரப்புகிறவர் சிறகைத்தான் விரிக்கிறார். அவர் தன்னைக் காட்ட ஆசைப்படுகிறார்.

இந்த மாவெரிக் குடும்பத்தில் இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது. மோரியின் பாட்டனார் சாமுவேல் மாவெரிக், பத்தொன்பதாம் நூற்றாண்டு டெக்சாஸில் நிலமும் மாடும் வைத்திருந்தவர். எல்லாரும் தங்கள் மாடுகளுக்குக் குறி சுட, இவர் சுடாமல் விட்டார். அதனால் சொந்தக்காரன் தெரியாமல் திரிகிற மாட்டுக்கு அந்த வட்டாரத்தில் 'மாவெரிக்' என்ற பெயர் விழுந்தது. பிறகு அது எந்தக் கட்சிக்கும் கூட்டத்துக்கும் அடங்காத மனிதனைக் குறிக்கிற சொல்லாயிற்று. வன்னியிலும் மட்டக்களப்புப் பக்கத்திலும் மாடு வைத்திருந்த குடும்பங்களுக்குக் குறி சுடுவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இதை முதலில் வாசித்தபோது ஒரு துணுக்குச் செய்தி என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டேன்.

மழுப்புகிறவர்

சரி, தமிழுக்கு வருவோம். சொல் இல்லை என்றவர் ஒரு பெயர்ச்சொல்லைத் தேடியிருக்கிறார், அதுதான் கிடைக்கவில்லை. எங்களிடம் இருப்பவை எல்லாம் வினைகள். மழுப்புதல், பூசி மெழுகுதல், சப்பைக்கட்டுக் கட்டுதல். யாழ்ப்பாணத்துப் பேச்சில் சளாப்புதல், சடைதல். "சளாப்பாமல் சொல்லு" என்று ஒரு தகப்பன் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவார். "கேட்டனான், ஆள் சடைஞ்சு போட்டார்" என்று கடனைக் கேட்கப் போனவர் திரும்பி வந்து சொல்வார். மழுப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மழுங்கு, மழுக்கு, மழுமழு. கூர் இருந்த இடத்தில் கூரை எடுத்துவிடுவது. பூசி மெழுகுவது அதைவிட வெளிப்படை. வெடிப்பு இருக்கிறது என்று தெரிந்துதான் மெழுகுகிறார்கள்.

ஆங்கிலச் சொல் ஒரு சத்தத்துக்குப் பெயர் வைக்கிறது. சத்தம் எங்கேயோ கிடக்கிறது, யாரும் போட்டதாகத் தெரியவில்லை. தமிழில் மழுப்பல் என்று சொன்ன உடனே மழுப்புகிறவர் ஒருவர் முன்னால் வந்து நிற்பார். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு நல்ல திருப்தி. பட்டறைக்காரருக்குப் பதில் கிடைத்துவிட்டது, தமிழ் வென்றுவிட்டது என்று ஒரு சின்னப் பெருமை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு கடிதத்தை வாசித்தபோதுதான் விடயம் அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது.

"கவுத மே அப்பி?"

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற தொடர்மாடியில் கடிதம் வாசித்துக் கொடுக்கிற ஆள் நான். யாரும் நியமிக்கவில்லை, அப்படியே ஆகிவிட்டது. மூன்றாம் மாடி அன்ரி ஒருநாள் பின்னேரம் ஓர் உறையோடு வந்தார். கணவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து காலமானவர். அவருடைய ஓய்வூதிய நிலுவை ஒன்று வரவேண்டிக் கிடக்கிறது. அன்ரி அந்தக் காலத்து எஸ்.எஸ்.சி. (பள்ளி இறுதிச் சோதனை) படித்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார், பத்திரிகையில் மரண அறிவித்தலில் இருந்து தலையங்கம் வரை விடமாட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாமல் வரவில்லை. உள்ளே இருந்தது இதுதான்: "தங்களது மேற்படி விண்ணப்பம் உரிய தரப்பினரின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டு, அவசியமான நடவடிக்கைகள் முன்னெடுக்கப்பட்டு வருகின்றன என்பதையும், இது தொடர்பில் தீர்மானம் எட்டப்பட்டதன் பின்னர் தங்களுக்கு அறிவிக்கப்படும் என்பதையும் இத்தால் தயவுடன் அறியத்தருகின்றேன்." அன்ரி கேட்டார்: "தம்பி, அப்ப ஓமோ, இல்லையோ?"

நான் இன்னொரு தரம் வாசித்தேன். கொண்டுவரப்பட்டு, முன்னெடுக்கப்பட்டு, எட்டப்பட்ட, அறிவிக்கப்படும். நான்கு காரியங்கள் நடக்கின்றன, செய்கிறவர் ஒருவரும் இல்லை. 'உரிய தரப்பினர்' என்று ஒரு கூட்டம் வருகிறது, அவர்களும் ஒன்றும் செய்யவில்லை. அவர்களுடைய கவனத்துக்கு ஏதோ கொண்டுபோகப்படுகிறது, அவ்வளவுதான். முழு வாக்கியத்திலும் ஆள் தெரிகிற இடம் கடைசிச் சொல்: அறியத்தருகின்றேன். அறியத்தருவதற்கு 'நான்' உண்டு. வேலை செய்வதற்கு இல்லை. கடிதத்தின் தலையில் 'எனது இல.', 'உமது இல.' என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறது. அந்த 'எனது' யாருடையது என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததில்லை. கீழே ஒரு கிறுக்கல் ஒப்பம், அதற்குக் கீழே பதவிப் பெயர், அதற்கு மேல் இன்னொருவருக்காக ஒப்பமிடுகிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு சாய்கோடு.

இதை ஒரு சிநேகிதருக்குக் காட்டினேன். அவர் வேறோர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர், சிங்களத்தில் இருந்து தமிழுக்கு. மொழிபெயர்ப்பின் குறை என்று சொல்வார், தமிழில் யோசித்து எழுதியிருந்தால் இப்படி வராது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். கொழும்புத் தமிழர் எல்லாருக்கும் அந்த விளக்கம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அவர் சிரித்தார். சிங்களத்திலும் இதே புகைதான், ஆங்கிலத்திலும் இதே புகைதான், புகையை நான் பிசகாமல் மொழிபெயர்க்கிறேன், அதுதான் என் திறமை என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பதில் கடிதத்தைத் தமிழிலேயே வரைந்து, சிங்களப் பிரதியையும் தானே எழுதி, மேலதிகாரியிடம் கொண்டுபோயிருக்கிறார். மூன்று சின்ன வாக்கியங்கள். உங்கள் கடிதம் கிடைத்தது. இன்ன பத்திரம் இன்னும் எங்களுக்கு வரவில்லை. அது வந்ததும் நாங்கள் முடிவெடுப்போம். மேலதிகாரி நல்ல மனிதர், படித்தவர். பேனாவை அந்தக் கடைசி வாக்கியத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாராம்: "கவுத மே அப்பி?" யார் இந்த நாங்கள்?

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டிருக்கிறார். நீரா, நானா, செயலாளரா? இந்தக் கோவை நாளைக்குக் கணக்காய்வுக்குப் போகும், ஒருவேளை நீதிமன்றத்துக்கும் போகும். முடிவெடுப்போம் என்று எழுதிவிட்டு எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள்? எனக்கு இடமாற்றம் வந்தால் எனக்குப் பிறகு வருகிறவர் இந்த 'நாங்கள்' என்பதற்குள் இருக்கிறாரா இல்லையா? என் சிநேகிதரிடம் பதில் இல்லை. வாக்கியம் 'தீர்மானம் மேற்கொள்ளப்படும்' என்று திருத்தப்பட்டது. பார்த்தீர்களா, எனக்கும் 'திருத்தப்பட்டது' என்றுதான் வருகிறது. திருத்தியவர் என் சிநேகிதர்.

இந்தக் கதைக்குப் பிறகு மாவெரிக்கின் வான்கோழி எனக்கு உதவாமல் போய்விட்டது. வான்கோழி தன்னைக் காட்டுகிறது. இந்தக் கடிதத்தை எழுதியவருக்குத் தன்னைக் காட்டுகிற எண்ணமே இல்லை, மறைகிற எண்ணம்தான். கொபிள் கொபிள் என்று சத்தம் போடத் தெரியாதவர். சத்தம் இல்லாமல் வேலியால் போகத் தெரிந்தவர். பேரன் கோழிக் கூட்டைப் பார்த்ததை விட்டுப் பாட்டனாரின் மாட்டைப் பார்த்திருக்கலாம். சொந்தக்காரன் தெரியாத மாடு வயலில் மேய்ந்துவிட்டுப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? தமிழில் இதைச் செய்வது அவ்வளவு சுலபமில்லை என்பதையும் சொல்லவேண்டும். செய்வேன், செய்வோம், செய்வார் என்று எங்கள் வினையின் முதுகிலேயே குறி சுட்டிருக்கிறது. எழுவாயை விட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் குறியை அழிக்க 'படு' என்ற துணைவினை தேவைப்படுகிறது. பேச்சில் நாங்கள் அதைத் தொடுவதே குறைவு. அன்ரி வீட்டில் சோறு சமைக்கப்படுவதில்லை, அன்ரி சமைக்கிறார். உறையைப் பிரித்தால் மட்டும் எல்லாம் படுகிறது.

வேண்டுமென்று விட்ட மங்கல்

எல்லா மங்கலும் ஒரே சாதி இல்லை. இந்த நாட்டின் அரசியலமைப்பில், 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு, தமிழும் ஓர் அரசகரும மொழி. அதைச் சொல்கிற வாசகம் சட்டத் தமிழுக்கே உரிய முறையில் 'ஆதல் வேண்டும்' என்று முடிகிறது. சட்ட வரைஞருக்கு அது கட்டளை, இதுதான் சட்டம் என்ற பொருள். காலி வீதியில் நிற்கிறவருக்கு அது ஓர் ஆசை. ஆகவேண்டும், எப்போது ஆகும் என்று தெரியாது. இதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு பகிடியே உண்டு. இங்கே யாரும் மழுப்பவில்லை. சட்டத்தின் தமிழ் ஒரு பக்கம், தெருவின் தமிழ் ஒரு பக்கம், நடுவில் நாங்கள்.

இன்னொன்று இதைவிடச் சுவாரசியம். 2017 செப்டம்பரில் புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. நாட்டின் தன்மையைச் சொல்லவேண்டிய இடத்தில் சிங்களத்தில் ஒற்றையாட்சிக்கு வழங்கிவந்த 'ஏக்கிய ராஜ்ய' என்ற பழைய சொல்லை வைத்துக்கொண்டு, தமிழில் மட்டும் 'ஒற்றையாட்சி'யை எடுத்துவிட்டு 'ஒருமித்த நாடு' என்று போட்டார்கள். ஆங்கிலப் பிரதியில் மொழிபெயர்க்கவே இல்லை. அந்தச் சிங்களச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, பிரிக்கப்படாத, பிரிக்கமுடியாத அரசு என்று பொருள் விளக்கம் கொடுத்தார்கள். தெற்கில் சிலர், தமிழருக்கு வேறு ஏதோ சொல்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். வடக்கில் சிலர், சிங்களத்தில் பழையதுதான் இருக்கிறது, எங்களைப் பேய்க்காட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். அந்த அரசியலமைப்பு வரவேயில்லை. அதை எழுதியவர்களைச் சளாப்பினார்கள் என்று திட்ட எனக்கு முழு மனம் வரவில்லை. இரண்டு பகுதியும் ஒரே மேசையில் இருக்கவேண்டுமானால் ஒரு சொல்லாவது இரண்டு பக்கமும் தலையாட்ட வேண்டியிருக்கும். ஆனால் அங்கே சொன்னவர்கள் யார் என்று தெரிந்தது. பெயர் தெரிந்த ஆட்கள் தங்கள் பெயரோடு மங்கலாக எழுதினார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கவும் முடிந்தது, கேட்டார்கள். அன்ரியின் கடிதத்தில் அதுகூட இல்லை.

பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றம் சொல்லும்போது 'மயங்க வைத்தல்' என்று ஒன்றைச் சொல்கிறார். பத்து அழகு சொல்லும்போது 'விளங்க வைத்தல்'. இரண்டிலும் அந்த வைத்தல் இருக்கிறது. மயக்கம் தானாக வருவதில்லை, ஒருவர் வைக்கிறார் என்பது அந்தப் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சமண முனிவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சொன்ன மற்றக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்', அதாவது போகப் போகத் தேய்ந்து முடிவது, எனக்குப் பிடித்தது. எங்கள் சுற்றறிக்கைகள் பலவற்றுக்கு அதைவிடப் பொருத்தமான விமர்சனம் கிடையாது.

அன்ரியின் விடயத்தில் கடைசியில் நாங்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தைப் பிடித்தோம். அந்தச் சட்டத்தின் அழகு எனக்கு அதன் தத்துவத்தில் இல்லை, ஒரு சின்ன ஏற்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனமும் தகவல் அலுவலர் என்று ஓர் ஆளை நியமிக்கவேண்டும். கேள்வி கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் அந்த ஆள் தரலாமா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். யார் இந்த நாங்கள் என்ற கேள்விக்குச் சட்டமே பதில் எழுதி வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் அன்ரி சொல்லச் சொல்ல எழுதினேன்: என் கோவை இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது? அது நகர என்ன பத்திரம் குறைகிறது? நான் இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம், உப்பிடியே இருக்கட்டும் என்றார்.

பதில் வந்தது. தமிழ் மாறவில்லை: "தங்களது கோரிக்கை என்னால் பரிசீலிக்கப்பட்டது" என்றுதான் தொடங்கியது. செயப்பாட்டுவினை அந்த அலுவலகத்தை விட்டு எங்கேயும் போகாது போல. ஆனால் 'என்னால்' என்று ஒரு சொல் இருந்தது, எந்தக் கிளையில் கோவை நிற்கிறது, எந்தச் சான்றிதழின் பிரதி வேண்டும் என்பதும் இருந்தது, கீழே முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரையும் இலக்கத்தையும் பால்காரன் கணக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினார். நான் கடிதத்தின் மிச்சத்தை விளக்க வாயெடுத்தேன். "அது கிடக்கட்டும் தம்பி" என்றார். "இனி நான் இந்தாளைத்தான் கேப்பன்."